டிராயிங்கில் ஏறாத அறிவு

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955இல் கைகோத்தன. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. சென்னையில் அவற்றைப் பூட்டி புல்லட் வண்டியாக்கினார்கள். 1957இல் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளுமே விலைக்கு வந்தன. 1962 வாக்கில் வண்டி முழுவதும் இங்கேயே உருவானது. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 2017இல் இதே சென்னை நிறுவனம் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் தனது தொழில்நுட்ப மையத்தைத் திறந்தது. பிறந்த நாட்டில் அறுந்த தொழில், வளர்ந்த நாட்டிலிருந்து திரும்பிப் போனது.

ஒரு தொழிற்சாலையின் அறிவு எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு இந்த வரலாறு நேரான பதில் சொல்கிறது. வேலை எங்கே நாள்தோறும் நடக்கிறதோ அங்கே. ஐம்பது, அறுபது ஆண்டு ஓடிய ஆலைகள் எல்லாம் இன்று ஒரே கவலையில் இருக்கின்றன. மூத்த ஃபோர்மேன்களும் டூல் ரூம் ஆட்களும் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். மாலை போட்டு வழியனுப்பிய மறுவாரமே ஏதாவது ஒரு இயந்திரம் மக்கர் செய்கிறது, அவருக்கே போன் போகிறது. இதைத் தடுக்க நிர்வாகம் முதலில் எடுக்கும் வழி, தெரிந்ததையெல்லாம் எழுதித் தரச் சொல்வது. எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடந்த எழுபது ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பற்றி நடந்த ஆய்வுகளையும் உலகம் பட்ட அடிகளையும் சேர்த்துப் பார்த்தால், எழுத்தால் காப்பாற்ற முடிந்தது குறைவு, ஆட்கள் சேர்ந்து வேலை செய்த நாட்களால் காப்பாற்றப்பட்டது அதிகம் என்ற முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த அறிவு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். வார்ப்பாலையில் அச்சு பிடிக்கும் தொழிலாளி மணலை ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடிப்பார். விரலைத் திறந்தால் உருண்டையில் விரல் தடம் பிசிறில்லாமல் பதிந்திருக்க வேண்டும். இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிராமல் நிற்க வேண்டும். ஈரம் கூடினால் வார்ப்பில் வாயுக் குமிழ் விழும், குறைந்தால் அச்சு சரியும். ஈரத்தின் சதவீதத்தை அளக்கக் கருவி இருக்கிறது, பரிசோதனைக் கூடம் இருக்கிறது. ஆனாலும் அறிக்கை வருவதற்குள் அவர் கை சொல்லிவிடும். எப்படித் தெரிகிறது என்று கேட்டால், ‘பிடிச்சுப் பாத்தா தெரியும் சார்’ என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. சொல்லுவதற்கு அவரிடம் அவ்வளவுதான் சொல் இருக்கிறது.

வேதியியலாளராக இருந்து தத்துவத்துக்கு வந்த மைக்கேல் போலானி இதைத்தான் ஒரு கோட்பாடாக்கினார். 1958இலும் 1966இலும் வந்த அவருடைய நூல்களின் மையம், மனிதனுக்குத் தெரிந்தது அவனால் சொல்ல முடிந்ததைவிட எப்போதும் பெரியது என்பது. தமிழில் இதற்குக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. கைப்பக்குவம் என்ற சொல் முன்பே இருக்கிறது. சமையலறைக்கு மட்டும் அதை ஒதுக்கிவைத்துவிட்டோம்.

இது கைத்தொழிலுக்கு மட்டுமானது என்று நினைத்தால் தவறு. 1970களின் தொடக்கத்தில் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர், ஒரு புதுவகை லேசர் கருவியைச் செய்ய முயன்ற பிரிட்டன் ஆய்வகங்களைக் கவனித்தார். செய்முறை ஆய்விதழ்களில் வெளியாகியிருந்தது. முயன்றவர்கள் தேர்ந்த இயற்பியலாளர்கள். ஆனாலும் கட்டுரையை மட்டும் படித்து அந்தக் கருவியை இயக்கிக் காட்டியவர் ஒருவரும் இல்லை. ஏற்கெனவே செய்து முடித்த ஒருவரோடு பழகியவர்களுக்கே அது கைவந்தது. ஒரு மின்கம்பியின் நீளம் குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற சங்கதிகள் முக்கியம் என்றே எழுதியவருக்குத் தோன்றவில்லை. அவர் கருவியில் கம்பி தற்செயலாகக் குட்டையாக இருந்தது, அவ்வளவுதான்.

இந்திய விண்வெளித் துறை இதை அனுபவத்தில் உணர்ந்திருந்தது என்றே சொல்வேன். 1974இல் பிரான்சோடு செய்த ஒப்பந்தத்தில் வைக்கிங் ராக்கெட் எஞ்சினின் தொழில்நுட்பத்துக்கு ஈடாக இந்தியா பெரிதும் கொடுத்தது பொறியாளர்களின் உழைப்பை, நூறு ஆள்-ஆண்டு அளவுக்கு. நம் ஆட்கள் அங்கே தங்கி, அவர்களுடைய வேலையில் தோள் கொடுத்து, திரும்பி வந்து விகாஸ் எஞ்சினைச் செய்தார்கள். காகிதத்தை விலைக்கு வாங்கியிருந்தால் காகிதம்தான் வந்திருக்கும்.

இதுவரை சொன்னது தெரிந்தவருக்குத் தெரியும், சொல்லத்தான் வராது என்ற வகை. இதைவிட ஆழமான ஒன்று உண்டு. வேலை செய்தவருக்கே தெரியாத அறிவு. அமெரிக்க அணு ஆயுதத் துறையில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு ஆகச் சிறந்த சான்று. ஆயுதத்தைப் பற்றிய என் மனக்கசப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, உற்பத்தி வரலாறாக மட்டும் அதைச் சொல்கிறேன்.

டபிள்யூ-76 என்ற அணுகுண்டில் ‘ஃபோக்பேங்க்’ என்ற சங்கேதப் பெயர் கொண்ட ஒரு பொருள் சேர்கிறது. டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் அதைத் தயாரித்தார்கள். 1989இல் தயாரிப்பு முடிந்தது, பிறகு கூடத்தை மூடினார்கள். 2000இல் பழைய குண்டுகளின் ஆயுளை நீட்டிக்க முடிவானபோது அந்தப் பொருள் மீண்டும் தேவைப்பட்டது. செய்முறையைப் பற்றிய பதிவுகள் சொற்பம். செய்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஓய்விலோ வேறு வேலையிலோ இருந்தார்கள். புதிய கூடம் கட்டினார்கள், கிடைத்த குறிப்புகளை வைத்துச் செய்தார்கள். பொருள் சரியாக வரவில்லை. அரசுத் தணிக்கை அலுவலகத்தின் 2009 அறிக்கைப்படி இந்தச் சிக்கலைத் தீர்க்க ஆன செலவு சுமார் 6.9 கோடி டாலர். காலமும் ஓராண்டு போனது.

காரணத்தைக் கண்டுபிடித்தபோதுதான் விஷயத்தின் கனம் புரிந்தது. பழைய காலத்து மூலப்பொருளில் ஒரு கலப்படம் இருந்திருக்கிறது. அந்த அழுக்குத்தான் பொருளின் குணத்துக்கே ஆதாரம். இப்போதைய சுத்திகரிப்பு முறை மேம்பட்டது என்பதால் அதை நீக்கிவிட்டது. அந்த அழுக்கு அவசியம் என்பது 1980களில் அங்கே வேலை பார்த்த யாருக்குமே தெரியாது. ஓய்வு பெறும் நாளில் அவர்களை உட்காரவைத்து ஒரு மாதம் கேள்வி கேட்டிருந்தாலும் இந்தப் பதில் வந்திருக்காது. அறிவு அவர்களுடைய தலையில் இல்லை. மூலப்பொருளைத் தந்தவரிடம், கழுவும் முறையில், கூடத்தின் பழக்கத்தில் அது பிரிந்து கிடந்தது. தயாரிப்பு ஓடிக்கொண்டிருந்தவரை அறிவும் இருந்தது. நின்ற அன்றே போய்விட்டது.

பழைய ஆலைகளின் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். சப்ளையரை மாற்றும்போது, ஆலையை நகரத்துக்கு வெளியே இடம் மாற்றும்போது, தண்ணீர் வரத்து மாறும்போது, பழைய உலையை இடித்துப் புதியது வைக்கும்போது, ஓய்வு பெறும் ஆளோடு போவதற்குச் சமமான அறிவு போகக்கூடும். அதற்கு யாரும் மாலை போடுவதில்லை.

நிலவுக்கு ஆட்களைக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்று ஒரு கதை உலவுகிறது. அது பொய். வரைபடங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனாலும் நாசாவின் இளம் பொறியாளர்கள் அதன் எஃப்-1 எஞ்சினைப் புரிந்துகொள்ள, எஞ்சியிருந்த பழைய எஞ்சினையே பாகம் பாகமாகப் பிரித்து, ஸ்கேன் செய்து படிக்க வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் அதன் ஒரு பகுதியை மீண்டும் எரியவைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு எஞ்சினும் கையால் கட்டப்பட்டது. வெல்டர் அந்தந்த இடத்தில் செய்த சரிக்கட்டல்கள் டிராயிங்கில் ஏறவே இல்லை.

அறிவு போகும் வழிகளில் ஓய்வைவிடக் கொடியது இடைவெளி. பிரிட்டனின் பாரோ கப்பல் தளம் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குப் பேர்போனது. வேன்கார்டு வகைக் கப்பல்களின் வேலை முடிந்து, அஸ்டியூட் வகை தொடங்குவதற்குள் ஆண்டுகள் கடந்தன. 13,000 பேர் இருந்த தளத்தில் சுமார் 3,000 பேர் மிஞ்சினார்கள். 1997இல் புதிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது வேலையை எங்கே தொடங்குவது என்பதே திணறலானது. 2003இல் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்திடம் உதவி கேட்டார்கள். பல ஆண்டு தாமதத்துக்குப் பிறகு, 2010இல்தான் முதல் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. தளம் இருந்தது, கிரேன்கள் இருந்தன, பெயர் இருந்தது. சங்கிலியில் ஒரு தலைமுறை விட்டுப்போயிருந்தது.

நம் ஊரில் இடைவெளிகூட இல்லாமல் முற்றாக முடிந்தவை பல. காக்கித் துணிக்குப் பெயர்பெற்ற பெரம்பூர் பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. சாயப் பட்டறையில் தலைமுறைகளாகச் சேர்ந்த கைவாகு வீடுகளுக்குக் கலைந்து போனது. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வேறு விதமாக வேலை செய்தன. வெளியே போனாலும் பிழைத்துக்கொள்வோம் என்ற நம்பிக்கை உள்ளவர்தான் முதலில் கையெழுத்துப் போடுவார். அதாவது கைத்திறன் மிக்கவர். ஆட்குறைப்பு என்று கணக்கு எழுதுகிறோம். அந்தப் பட்டியலை வேலையறிவு என்ற கண்ணால் பார்த்தால் படிக்கவே மனம் கனக்கிறது.

முன்கூட்டியே பயந்த நாடு ஜப்பான். போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை பிறந்த பெருந்தலைமுறை 2007இல் அறுபது வயதைத் தொடத் தொடங்கும் என்பதால் அதற்கு ‘2007ஆம் ஆண்டுப் பிரச்சினை’ என்றே பெயர் வைத்தார்கள். 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், படிப்படியாக 65 வயதுவரை வேலை தரும் ஏற்பாட்டை நிறுவனங்களின் கடமையாக்கியது. பலர் அதே ஆலையில் மறுபடி சேர்ந்து இளையவர்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பிரச்சினை தீரவில்லை, தள்ளிப்போனது. ஆனால் தள்ளிப்போன அந்த ஆண்டுகள்தான் கற்றுக்கொடுக்கக் கிடைத்த ஆண்டுகள்.

இனி, காக்கும் வழிகள். எழுத்தில் தொடங்குவோம், ஏனென்றால் நல்ல எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எண்பது ஆண்டுப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ஆலைகளில் தொழில் தெரியாதவர்கள் லட்சக்கணக்கில் நுழைந்தார்கள். அவர்களை விரைவாகப் பழக்க ஆலைக்குள்-பயிற்சி என்ற திட்டம் உருவானது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள் உண்டு. முதல் பத்தியில் என்ன செய்ய வேண்டும். அடுத்ததில் அதில் எங்கே உஷாராக இருக்க வேண்டும். இந்த முறை போருக்குப் பின் ஜப்பானுக்குப் போனது, டொயோட்டா அதைப் பிடித்துக்கொண்டது. அங்கே வேரூன்றிய வடிவத்தில், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணமும் மூன்றாவது பத்தியாக நிற்கிறது.

நம் ஆலைகளில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் லேமினேட் செய்து மாட்டியிருக்கும் செயல்முறைத் தாள்களைப் பாருங்கள். முதல் பத்தி மட்டும் இருக்கும். உஷார் இல்லை, காரணம் இல்லவே இல்லை. காரணம் தெரியாத விதியை அவசரத்தில் முதலில் மீறுவார்கள், இல்லையென்றால் தேவை முடிந்த பிறகும் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தர மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 9001, 2015 பதிப்பில் நிறுவன அறிவு என்று தனிப்பிரிவே சேர்த்தது. தேவையான அறிவு எது என்று கண்டறிந்து, பேணி, வேண்டியவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் தணிக்கை நாளுக்காக ஃபைல் தயாரிப்பது அதை நிறைவேற்றுவதாகாது.

யாருடைய அறிவை முதலில் காப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு மின்நிறுவனம் ஓர் எளிய கணக்கு வைத்தது. ஒருவர் எவ்வளவு சீக்கிரம் ஓய்வு பெறுவார் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து மதிப்பெண். அவருடைய அறிவு எவ்வளவு அரிது, எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று முதல் ஐந்து. இரண்டையும் பெருக்கு. இருபதோ அதற்கு மேலோ வந்தால் உடனே கவனி. ஒரு சாயங்காலத்தில் எந்த ஆலையும் போட்டுவிடக்கூடிய கணக்கு. போட்டுப் பார்த்தால், பட்டியலின் உச்சியில் மேலாளர்கள் இருக்க மாட்டார்கள். பாய்லர் பார்ப்பவர், பழைய கியர் இயந்திரத்துக்குச் செட்டிங் போடுபவர், முப்பது ஆண்டு ஸ்டோர்ஸில் இருந்தவர் என்று வரும்.

எழுத்துக்கு அடுத்தது பேச்சு. ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுது நீக்கும் தொழிலாளர்களோடு சுற்றித் திரிந்து, 1996இல் ஒரு நூல் வெளியிட்டார். கையேடு சொல்லாத பழுதுகளை அவர்கள் எப்படிச் சரி செய்கிறார்கள் என்பதற்கு அவர் கண்ட விடை, சாப்பாட்டு வேளையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள். அன்றைக்கு அந்த மெஷின் என்ன பாடு படுத்தியது தெரியுமா என்று தொடங்கும் கதைகள். பின்னர் அந்நிறுவனம் ‘யுரேகா’ என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியது. தொழிலாளியே குறிப்பு எழுதுவார், சக தொழிலாளிகள் சரிபார்ப்பார்கள், எழுதியவர் பெயரோடு எல்லோருக்கும் போகும். பணத்தைவிட அந்தப் பெயர்தான் அவர்களை எழுதவைத்தது. நம் ஆலைகளில் ஷிஃப்ட் மாறும் பத்து நிமிடம் இப்படிப்பட்டது. போகிறவர் வருகிறவரிடம், ‘மூணாவது ஸ்பிண்டில் சூடு ஏறுது, பாத்துக்க’ என்று சொல்லும் நேரம். உற்பத்தியைக் கூட்ட அந்தப் பத்து நிமிடத்தை அறுத்த ஆலைகள், விட்டது என்னவென்று கணக்கில் காணமாட்டா.

மூன்றாவது, சேர்ந்து செய்வது. டொயோட்டாவில் மிட்சுரு கவாய் என்பவர் நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளியில் படித்து 1966இல் தொழிலாளியாகச் சேர்ந்தவர். 2017இல் செயல் துணைத் தலைவர் ஆனார். ரோபோக்கள் நிறைந்த ஆலைக்குள் கைவேலைப் பகுதிகளை மறுபடி திறந்தவர் அவர். கிராங்க் ஷாஃப்டைக் கையால் அடித்து வடிக்கப் பழகிய இளைஞனுக்குத்தான் இயந்திரத்தை எங்கே திருத்தலாம் என்று தெரியும் என்பது அவர் எண்ணம். அப்படிப் பழகியவர்கள் யோசனையால் கிராங்க் ஷாஃப்ட் உற்பத்தியில் கழிவு சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2014இல் செய்தி வந்தது.

ஆலைகளை விட்டு வெளியே பார்த்தால், ஜப்பானின் இசே கோயில் நினைவுக்கு வருகிறது. கி.பி. 690 முதல், இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். போர்க்காலத்தில் நூறாண்டுக்கும் மேல் தடைபட்டு, மீண்டும் தொடர்ந்தது. 62ஆம் முறை 2013இல் நடந்தது. இருபது என்ற எண்ணிக்கையில்தான் சூட்சுமம் இருக்கிறது. இருபது வயதில் மரம் சுமக்கும் ஒருவர் நாற்பதில் தச்சராக நிற்கலாம், அறுபதில் மேற்பார்வை பார்க்கலாம். ஒரு வாழ்நாளுக்குள் மூன்று முறை. நூறாண்டு தாங்கும் கட்டடமாகக் கட்டியிருந்தால் கட்டடம் தாங்கியிருக்கும், தச்சர் தாங்கியிருக்க மாட்டார்.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா என்று கேட்டால், இல்லை. 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிஸ் நிறுவனம் ஒன்றின் வடிவமைப்போடு தொடங்கியது. அந்த வகையின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது. துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளுக்கு ஆலை மாறியது. அதே ஆண்டில்தான் வந்தே பாரத்தின் முதல் ரயிலும் அங்கிருந்து வந்தது. பழைய எஃகை வெல்டிங் செய்த முறை வழக்கொழியலாம். ஆனால் பெட்டியின் சட்டம் வெப்பத்தில் எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டிக் கணிக்கும் கண் எந்த எஃகுக்கும் தேவை. விட வேண்டியது எது, கடத்த வேண்டியது எது என்று பிரிக்கவும் பழைய ஆள் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைச் செய்துவிடும் என்று இப்போது விற்கிறார்கள். பழைய பிரேக்டவுன் பதிவேடுகளைத் தேடித் தருவதில் அது உதவும், வரவேற்கிறேன். மூத்தவர் வேலை செய்வதை வீடியோ எடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் பதிவேட்டில் ‘சரி செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த இயந்திரம் படித்தாலும் அவ்வளவுதான் கிடைக்கும். மணல் உருண்டையைப் பிடித்த கையை வீடியோவில் காணலாம், பிடியின் இறுக்கத்தைக் காண முடியாது.

கடைசியாக, இத்துறை நூல்கள் பலவும் மெல்லக் கடந்துபோகும் ஒரு கேள்வி. அந்த அறிவு யாருடையது? 1911இல் மேலாண்மை முன்னோடி ஃபிரடெரிக் டெய்லர் ஒளிக்காமல் எழுதினார்: தொழிலாளர்களிடம் வழிவழியாக இருக்கும் அறிவைத் திரட்டி விதிகளாக்குவது நிர்வாகத்தின் கடமை. திரட்டிய பிறகு அந்தத் தொழிலாளியின் பேரம் பேசும் பலம் என்னாகும் என்பதைத் தொழிலாளிகள் அன்றே புரிந்துகொண்டார்கள். இன்றும் ஒரு ஃபிட்டர் தன் நோட்டுப் புத்தகத்தைப் பூட்டி வைத்தால் அவரைக் கஞ்சன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நோட்டுத்தான் அவருடைய வேலைக்கு உத்தரவாதம். கற்றுக்கொடுத்தால் தன் இடம் போகாது, கற்றுக்கொடுக்கும் மாதங்களில் உற்பத்தி போனஸ் குறையாது, ஓய்வுக்குப் பின்னும் மரியாதையோடு சம்பளம் கொடுத்து அழைப்பார்கள் என்று தெரிந்தால் அவர் நோட்டைத் திறப்பார்.

நிரந்தரத் தொழிலாளியின் நிலை இது. கடந்த முப்பது ஆண்டுகளில் ஆலைகளுக்குள் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. பெயின்ட் கூடத்திலும் வார்ப்பு உலையடியிலும் இயந்திரத்தின் குணம் அறிந்து நிற்பவர் பல இடங்களில் ஒப்பந்தத் தொழிலாளியே. ஆண்டுக்கணக்கில் அதே உலையைப் பார்த்திருப்பார். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவருடைய பணிக்காலம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நிறுவன அறிவைக் காக்கும் குழு கூடி, ஓய்வு பெறுவோர் பட்டியலை மேசையில் விரிக்கும்போது, அதில் அவர் பெயர் இருக்காது. அவருடைய அடையாள அட்டையில் ஆலையின் பெயரே இல்லை.